‘எங்க போகணும்க்கா?’ – ஓர் உதவிப் பட்டியலைச் செய்து, கலைத்து, மறுபடி செய்த பதிவு

கடலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவரை நான் தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டேன். இந்தப் பட்டியல் வேலை அங்கிருந்துதான் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரின் தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்களுக்கு ஓர் அறை கிடைக்கிறது. தெரிந்தவர் ஒருவர் வாடகை இல்லாமல் விட்டுத்தருகிறார். நாங்கள் ஆறு பேர். வெளிநாட்டு ஊழியர்கள் கொண்டுவரும் கடிதம், சம்பளச் சீட்டு, மருத்துவமனைத் தாள் எல்லாவற்றையும் படித்து, என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்வோம். படிவம் நிரப்பித் தருவோம். அதற்கு மேல் எங்களுக்குத் தகுதியும் இல்லை, நேரமும் இல்லை. நான் வார நாட்களில் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் கணக்கு பார்ப்பவள். எக்செல் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகப் பட்டியல் வேலை என் தலையில் விழுந்தது.

அந்தத் தம்பி இடது கையில் கட்டோடு வந்தார். இரண்டு விரல்களின் நுனி இயந்திரத்தில் போயிருந்தது. ஆறு வாரமாக எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. சம்பளம் வரவில்லை. “எங்க போகணும்க்கா?” என்றார். என் போனில் ஒரு பட்டியல் இருந்தது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பி, யாருக்கோ நான் அனுப்பி, பல கை மாறிய பட்டியல். அதில் மூன்றாவதாக இருந்த முகவரியை எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை துவாஸிலிருந்து ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து போயிருக்கிறார். உள்ளே இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்களாம். ஆனால் அது வீட்டுப் பணிப்பெண்களுக்கு மட்டுமான இடம். அடுத்த ஞாயிறு வந்து, “பரவாயில்லக்கா, வெளிய போய்ட்டு வந்த மாதிரி இருந்துச்சு” என்று சிரித்தார். திட்டியிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

சரி, முதலில் அந்தப் பட்டியலைப் பிரித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். 62 வரிகள். ஒரே அமைப்பு மூன்று பெயரில் மூன்று முறை வந்திருந்தது. முழுப்பெயர் ஒன்று, சுருக்கம் ஒன்று, அதன் பழைய திட்டத்தின் பெயர் இன்னொன்று. பேச முடியாத நிலையில் காவல்துறைக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் எண் 71999 என்று இருந்தது. இப்போது அது 70999. ஒளிந்துகொண்டு செய்தி அனுப்புகிறவருக்கு அந்த ஓர் இலக்க வித்தியாசம் என்ன செய்யும் என்று யோசித்தபோது வயிற்றைப் பிசைந்தது. ‘வேலை நேரம்: திங்கள் முதல் வெள்ளி, 9 முதல் 6’ என்று பெரும்பாலான வரிகளில் இருந்தது. எங்கள் அறைக்கு வருகிறவர்களில் அநேகருக்கு விடுப்பு ஞாயிறு மட்டும்தான்.

என் சித்தப்பா மகள் சில காலம் வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாரில், ரோஹிங்கியா முகாம்களில், ஒரு நிவாரண அமைப்பில் வேலை செய்தவள். முகாம்களில் ஆபத்தில் இருப்பவர்களுக்கு உதவும் பணி செய்கிறவர்களுக்கு இது அன்றாடச் சமையல். எந்தப் பகுதியில் எந்த அமைப்பு, எந்தச் சேவையை, யாருக்குத் தருகிறது என்று எழுதிவைத்து, அதிலிருந்து ‘இன்ன பிரச்சினை என்றால் முதலில் இங்கே, அப்புறம் அங்கே’ என்று வழித்தடம் போடுவார்கள். அவளுக்கு என் 62 வரிகளை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: “இது டெலிபோன் டைரக்டரி. யாரை வேணாம்னு சொல்லுவாங்கன்னு எழுதியிருக்கியா?”

எழுதவில்லை. எல்லா அமைப்பும் தன் இணையப் பக்கத்தில் யாருக்கு உதவுகிறது என்று எழுதும். யாரைத் திருப்பி அனுப்பும் என்று எழுதாது. கேட்டால்தான் சொல்வார்கள்.

புது ஷீட்டில் முதல் நெடுவரிசையாக அமைப்பின் பெயரைப் போடாமல் பிரச்சினையைப் போட்டேன். சம்பளம் வரவில்லை, வேலையில் காயம், அடி உதை, தங்க இடமில்லை, மனசு சரியில்லை, சட்ட ஆலோசனை, சாப்பாடு. எங்கள் அறைக்குள் வருகிறவர் எந்தச் சொல்லோடு வருகிறாரோ அந்தச் சொல். ‘வேலைவாய்ப்பு உரிமைகள்’ என்று சொல்லிக்கொண்டு யாரும் படியேறி வருவதில்லை. “சம்பளம் போடல” என்றுதான் வருவார்கள். அதற்கு அடுத்தது அமைப்பு, என்ன செய்யும், எந்த மொழி, ஞாயிறு திறந்திருக்குமா, இரவு எட்டுக்கு மேல் போனை எடுப்பார்களா, நேரில் போகலாமா முன்பதிவு வேண்டுமா, பணம் உண்டா, என்ன தாள் கொண்டுபோக வேண்டும். அப்புறம் சிவப்புத் தலைப்போடு ‘யாரை ஏற்க மாட்டார்கள்’. கடைசியில், கடைசியாகச் சரிபார்த்த தேதியும் சரிபார்த்தவரின் பெயரும்.

சிவப்பு நெடுவரிசையை நிரப்பத்தான் நேரம் பிடித்தது, அதில்தான் விஷயமும் இருந்தது. வெளிநாட்டு ஊழியர் நிலையம் 2009இல் தொழிற்சங்கக் காங்கிரஸான என்டியுசியும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து தொடங்கியது. 6536 2692 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கூப்பிடலாம். ஆனால் வீட்டுப் பணிப்பெண்களுக்கு 2016இலிருந்து தனியாக ஒரு நிலையம் உண்டு. கடலூர்த் தம்பியை நான் எந்தக் கோட்டைத் தாண்டி அனுப்பினேன் என்று அப்போதுதான் புரிந்தது. 2004இல் தொடங்கிய ஹோம் அமைப்பு இரண்டு தரப்புக்கும் உதவுகிறது. லிட்டில் இந்தியாவில் வேலை இழந்த, காயம்பட்ட ஊழியர்களுக்கு 2008 முதல் இலவசச் சாப்பாடு கொடுத்துவரும் டிடபிள்யூசி2 அமைப்பு, சாப்பாட்டோடு வழக்கு விவகாரத்தையும் கேட்கும். நம் ஆட்களில் பலர் அதைச் சாப்பாட்டுக்கான இடம் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சட்ட உதவிப் பிரிவு என்ற பெயரைப் பார்த்ததும் எல்லோரையும் அங்கே அனுப்பத் தோன்றும். சிவில் வழக்குகளில் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். குடும்ப சேவை நிலையங்கள் வீட்டு முகவரியை வைத்து ஆளைப் பிரிக்கும். அங் மோ கியோவில் இருக்கிறவர் ஈசூன் நிலையத்துக்குப் போனால் அங் மோ கியோவுக்கே திருப்பிவிடுவார்கள். அதனால் அந்த வரியில் ஒரே முகவரி எழுத முடியாது. ‘வீட்டு அஞ்சல் குறியீட்டைக் கேட்டுவிட்டுத் தேடவும்’ என்று எழுதினோம். பாதுகாப்பு ஆணைக்குக் குடும்ப நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம், கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளை போன்ற குடும்ப உறவு இருந்தால். திருமணம் ஆகாமல் பழகியவர் தொல்லை கொடுத்தால் அது 2014இன் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் வரும், போகும் வாசலும் வேறு.

எங்கள் அறைக்கு ஆண்கள்தான் அதிகம் வருவார்கள். ஆனால் இந்த வரிகளை எழுதவைத்தது ஒரு பெண். கணவனின் கடிதம் ஒன்றைப் படித்துச் சொல்லச் சொல்லி வந்தார். படித்துச் சொன்ன பிறகும் எழுந்து போகவில்லை. பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நீண்டகால வருகை அனுமதியில் இருக்கிறவர். கணவர் கையெழுத்துப் போடாவிட்டால் அனுமதி என்ன ஆகும் என்ற கேள்வி அவர் வாயிலிருந்து வர முக்கால் மணி நேரம் ஆனது. அன்று என்னிடம் இருந்த ஒரே உருப்படியான பதில், வன்முறைக்கும் பாலியல் தொல்லைக்குமான தேசிய உதவி எண் 1800-777-0000, எந்த நேரமும் எடுப்பார்கள் என்பதுதான். 1999இலிருந்து குடும்ப வன்முறைக்கென்றே இயங்கும் பேவ் போன்ற சிறப்பு நிலையங்களைப் பற்றி எனக்குப் பிறகுதான் தெரியும். முதலில் தெரிந்திருந்தால் அந்த முக்கால் மணி நேரத்துக்கு நான் கொஞ்சமாவது தகுதியாக இருந்திருப்பேன்.

இன்னொரு நெடுவரிசையை நடுவில்தான் சேர்த்தேன்: கெடு. சம்பளப் புகாரை டாடம் என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் முத்தரப்பு அமைப்பில் கொடுக்க, வேலையில் இருக்கும்போது பிரச்சினை நடந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலைநாளிலிருந்து ஆறு மாதம்தான். வேலையிடக் காய இழப்பீட்டை, விக்கா என்பார்கள், விபத்து நடந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் கோர வேண்டும். இதில் யார் தவறு என்று ஊழியர் நிரூபிக்கத் தேவையில்லை என்பதே நம் ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. “என் மேலதான் தப்புக்கா, கிளவுஸ் போடல” என்று சொல்லிவிட்டு, கேட்கவே வெட்கப்பட்டுக்கொண்டு இருப்பார்கள். வேலையில் பட்ட காயத்துக்கான எம்சியில் முதல் 14 நாள், மருத்துவமனையில் படுத்திருந்தால் 60 நாள், முழுச் சம்பளம். அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, ஓர் ஆண்டு வரை. கடலூர்த் தம்பியின் ஆறு வாரத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கெடு முடிந்தவரை எங்கே அனுப்பினாலும் பயனில்லை. அதனால் இப்போது எங்கள் அறையில் முதல் கேள்வியே “எப்ப நடந்துச்சு தம்பி?” என்பதுதான்.

அப்புறம் போன் வேலை. ஆறு பேரும் வரிகளைப் பிரித்துக்கொண்டோம். மதிய உணவு இடைவேளையில் ஆளுக்கு இரண்டு அழைப்பு. கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டோம். நாங்கள் யார், எதற்காகக் கேட்கிறோம், உங்கள் பெயரை எங்கள் பட்டியலில் வைத்துக்கொள்ளலாமா, யாரை ஏற்பீர்கள், யாரை முடியாது, இடம் நிரம்பியிருந்தால் எங்கே அனுப்புவீர்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைத்த பதில்களால் மட்டும் ஐந்து புது வரிகள் சேர்ந்தன.

முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். 24 மணி நேர உதவி எண் ஒன்றுக்கு, தமிழில் பேசுவார்களா என்று பார்க்க, ஊழியர் மாதிரி நடித்துக் கூப்பிட்டேன். எடுத்தவர் பொறுமையாக என் கற்பனைக் கதையைக் கேட்க ஆரம்பித்ததும் கூச்சமாகிவிட்டது, உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “இந்த நேரத்தில் வேறொருவர் லைனில் காத்திருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து நெருக்கடி எண்களுக்குச் சோதனை அழைப்பு கிடையாது. அலுவலக எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோதான் கேட்போம். பதில் வர ஒரு வாரம் ஆனாலும் சரி.

தமிழ் விஷயத்தில் சிங்கப்பூரில் நமக்கு ஒரு சொகுசு உண்டு. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்பதால், ‘தமிழுக்கு 4ஐ அழுத்தவும்’ என்ற குரல் பல இடங்களில் வரும். நானும் நம்பி அந்த வரிகளில் ‘தமிழ்: ஆம்’ என்று போட்டுவைத்தேன். ஓர் அலுவலகத்தில் 4ஐ அழுத்திக் காத்திருந்தேன், வந்தவர் ஆங்கிலத்தில் பேசினார். “தமிழ் பேசுகிறவர் இன்று லீவு.” இன்னோர் இடத்தில் தமிழ் பேசினார்கள், ஆனால் வானொலிச் செய்தி மாதிரி. ‘தங்களது வேலை அனுமதிக்கான கொள்கையளவிலான ஒப்புதல் கடிதத்தின் நகல்’ என்றால் நம் தம்பிகளுக்கு எப்படிப் புரியும்? “ஐபிஏ பேப்பர்” என்றால் உடனே எடுத்து நீட்டுவார்கள். ஆகவே மொழி நெடுவரிசையில் இப்போது ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டும் கிடையாது. ‘செவ்வாய், வியாழன் மட்டும் தமிழ்’, ‘மொழிபெயர்ப்பாளர் கேட்டால் இரண்டு நாளில்’ என்று எழுதுகிறோம்.

வரைபடம் போட வேண்டும் என்பது என் ஆசை. சித்தப்பா மகள் வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. சிங்கப்பூரில் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம், பெரும்பாலும் ஒரு கட்டடத்துக்கு ஒன்று. நில ஆணையத்தின் ஒன்மேப் வரைபடத் தளத்தில் குறியீட்டைப் போட்டால் அட்சரேகை, தீர்க்கரேகை வந்துவிடும். அவற்றை ஷீட்டில் ஒட்டி, கூகுள் மை மேப்ஸில் ஏற்றினால் புள்ளிகள் விழும். ஒரு சனிக்கிழமை மதியத்தில் முடிந்துவிடும் என்று கணக்கிட்டேன். மூன்று புள்ளிகள் எங்கேயும் விழவில்லை. தேடித் தேடிப் பார்த்தால், அந்த மூன்றும் நகரின் மையத்தில், ராஃபிள்ஸ் பிளேஸ், தஞ்சோங் பகார் பக்கம் இருந்தவை. அந்தப் பகுதிக் குறியீடுகள் பூஜ்யத்தில் தொடங்கும். எக்செல் அதை எண் என்று நினைத்து முன்னால் இருந்த பூஜ்யத்தை விழுங்கிவிட்டது. நெடுவரிசையை முதலிலேயே ‘உரை’ வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டச்சு செய்திருக்க வேண்டும். இருபது வருடமாகக் கணக்கு பார்க்கிறவளுக்கு இது தெரியாதா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அன்றைக்குக் குழுவில் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

புள்ளிகள் எல்லாம் விழுந்தபிறகு பார்க்க அழகாக இருந்தது. பயன்? கொஞ்சம்தான். அலுவலகங்கள் தீவின் நடுவிலும் தெற்கிலும் கூட்டமாக இருக்கின்றன, பெரிய விடுதிகள் துவாஸ், பெஞ்சுரு, சுங்கை காடுட், மண்டாய் என்று ஓரங்களில். இது தெரிய வரைபடம் தேவையில்லை, ஒருமுறை பேருந்து ஏறினால் போதும். ஊழியர்களின் விடுதிக்கு அருகில் எந்த மருத்துவ நிலையம் என்று பார்க்க மட்டும் அது உதவுகிறது. 2022 ஏப்ரலில் தொடங்கிய அடிப்படை மருத்துவத் திட்டத்தில் விடுதிவாசிகள் அவர்களுக்கென்று உள்ள மருத்துவ நிலையத்தில் 5 வெள்ளி கட்டி மருத்துவரைப் பார்க்கலாம். எது தன் நிலையம் என்று பலருக்குத் தெரிவதில்லை. அதற்காக வரைபடத்தை வைத்திருக்கிறோம். மற்றபடி, பட்டியலில் ‘துவாஸ் லிங்க் ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு நேரம்’ என்று ஓர் எண் எழுதினேன். அந்த எண் வரைபடம் முழுவதையும் விட அதிகம் பேசுகிறது.

வரைபடம் இன்னொரு வம்பையும் இழுத்துவிட்டது. அடைக்கலம் தரும் ஓர் இல்லத்தின் முகவரி, யாரோ பேச்சுவாக்கில் சொன்னது, என் ஷீட்டில் இருந்தது. நான் அதற்கும் ஒரு புள்ளி வைத்துவிட்டேன். ‘இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்’ என்ற அமைப்பில் ஆறு பேருக்கும் அனுப்பியும்விட்டேன். எங்கள் குழுவில் ஒருவர் சமூக ஊழியர். இரவு பதினொன்றரைக்கு அவரிடமிருந்து அழைப்பு. “அந்தப் புள்ளிய உடனே எடுங்க.” அடித்தவனுக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் இருக்கும் இடம் அது. அந்த முகவரியை யாரும் எங்கேயும் எழுதுவதில்லை. தொலைபேசி எண் மட்டும் கொடுப்பார்கள், பேசியபிறகு அவர்களே அழைத்துப்போவார்கள்.

புள்ளியை அழித்தேன், ஷீட்டில் அந்த வரியையும் அழித்தேன், நிம்மதியாகப் படுத்தேன். காலையில் அவர் இன்னொன்று கேட்டார்: “வெர்ஷன் ஹிஸ்டரி?” திறந்து பார்த்தால், நான் அழித்த வரி முந்தைய பதிப்பில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஷீட்டைத் திருத்தும் உரிமை உள்ள எவரும் பார்க்கலாம். கடைசியில் சுத்தமான வரிகளை மட்டும் புதுக் கோப்புக்கு நகல் எடுத்து, பழைய கோப்பையும் வரைபடத்தையும் நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். வாட்ஸ்அப்பில் போன இணைப்பு செத்துவிட்டதா என்று வேறொருவர் போனிலிருந்து சரிபார்த்தேன். நல்லவேளை, ஆறு பேரைத் தாண்டிப் போகவில்லை. இப்போது இரண்டு கோப்புகள். ஒன்று குழுவுக்குள் மட்டும், அதில் அமைப்புகளில் எங்களோடு பேசுகிறவர்களின் விவரம் இருக்கிறது. இன்னொன்று யார் கையிலும் கொடுக்கக்கூடியது, அதில் பொது எண்கள் மட்டும். அடைக்கல இல்லங்களின் முகவரி இரண்டிலும் இல்லை.

கையில் கொடுக்கும் பதிப்பை முதலில் ஏ4 தாளில் அச்சடித்தோம். தலைப்பு பெரிய எழுத்தில்: ‘சம்பளம் தரவில்லையா? அடித்தார்களா? மிரட்டினார்களா?’ எங்களுக்கு அந்தத் தலைப்பு ரொம்பப் பிடித்திருந்தது. முதல் தாளைக் கடலூர்த் தம்பிக்கே கொடுத்தேன். படித்தார், நான்காக மடித்தார், திருப்பி என்னிடமே நீட்டினார். “இத லாக்கர்ல வச்சிருக்க முடியாதுக்கா. சூப்பர்வைசர் பாத்தா நான்தான் கேஸ் போடப் போறேன்னு நினைப்பாரு.” அவர் இன்னும் கேஸ் போடவேயில்லை. அதற்குள் எங்கள் தாள் அவரைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

அவரையே பக்கத்தில் உட்காரவைத்து மாற்றினோம். ஈசி-லிங்க் பயண அட்டை அளவு, 85.6க்கு 54 மில்லிமீட்டர். அட்டை உறைக்குள் பின்னால் செருகிக்கொள்ளலாம். தலைப்பு ‘பயனுள்ள எண்கள்’. முதலில் ஆம்புலன்ஸுக்கான 995, காவல்துறைக்கான 999. அப்புறம் மருத்துவ நிலையம், தூதரகம், பிறகு மற்றவை, எதற்கு என்ற விளக்கம் இல்லாமல் அமைப்பின் பெயர் மட்டும். தூதரக எண் பக்கத்தில் இருந்தால் மற்றதெல்லாம் யார் கண்ணையும் உறுத்தாது என்பது அவர் யோசனை. எந்த எண் எதற்கு என்று நாங்கள் வாயால் சொல்லித்தருவோம். அச்சுக்குப் போன கோப்பில் ‘கொ’ எல்லாம் கொம்பும் காலும் பிரிந்து உடைந்து வந்தது தனிச் சோகம். நோட்டோ தமிழ் எழுத்துருவுக்கு மாற்றி, படமாக ஏற்றுமதி செய்து கொடுத்ததும் சரியானது. இருநூறு அட்டை அடித்தோம்.

அட்டையில் 1767ஐச் சேர்ப்பதில் குழுவுக்குள் ஒரு விவாதம். தற்கொலை எண்ணம் வருகிறவர்கள் பேசுவதற்கான சமாரிட்டன்ஸ் அமைப்பின் எண், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு. “தற்கொலை முயற்சின்னு போலீஸ் பிடிச்சா?” என்று ஒருவர் பயந்தார். 2020 ஜனவரி 1 முதல் தற்கொலை முயற்சி இங்கே குற்றமில்லை என்று எடுத்துக் காட்டினோம். பழைய பயம் இன்னும் விடுதிகளில் உலவுகிறது. ஊழியர்களுக்கென்று ஹெல்த்சர்வ் அமைப்பு நடத்தும் மனநல உதவி எண்ணையும் பக்கத்தில் வைத்தோம்.

அட்டை கொடுப்பது ஒன்று, நாங்களே ஓர் அமைப்போடு ஒருவரைச் சேர்த்துவிடுவது வேறு. இரண்டாவதில்தான் நாங்கள் நிறைய மாறினோம். முன்பெல்லாம் ஆர்வத்தில் அவர் கண்ணெதிரிலேயே போன் போட்டு, பெயர், கம்பெனி, எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவோம். அவர் தலையாட்டிக்கொண்டிருப்பார். அந்தத் தலையாட்டல் சம்மதமா, அக்கா மேல் உள்ள மரியாதையா என்று யாரும் கேட்டதில்லை. இப்போது அறையின் மூலைக்குக் கூட்டிப்போய்க் கேட்கிறோம். “இந்த இடத்துல இன்னது செய்வாங்க. உங்க பேரையும் நம்பரையும் நான் சொல்லட்டுமா, இல்ல நீங்களே கூப்பிடுறீங்களா, இல்ல இப்போதைக்கு வேணாமா?” மூன்றாவதைச் சொல்ல இடம் கொடுத்தபிறகு, அதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் அதிகமாகத்தான் இருக்கிறார்கள். யோசித்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வருகிறவர்களும் உண்டு. “ஊருக்கு அனுப்பிட மாட்டாங்களே?” என்று கேட்பார்கள். அனுப்ப மாட்டார்கள் என்று நாங்கள் சத்தியம் செய்வதில்லை. அது எங்கள் கையில் இல்லை. யாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று மட்டும் சொல்வோம். உயிருக்கு ஆபத்து என்றால் இந்த நிதானமெல்லாம் கிடையாது, உடனே 999 அல்லது 995.

குறிப்பேட்டில் பெயர் எழுதுவதில்லை. தேதி, பிரச்சினை, அனுப்பிய இடம், ‘போய்ச் சேர்ந்தாரா?’ என்ற ஒரு கட்டம். அந்தக் கட்டம் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. மறுபடி வந்து சொன்னால்தானே தெரியும். ஆனால் நிரம்பிய கட்டங்களிலிருந்து ஒன்று கண்டுபிடித்தோம்: ஓர் இடத்துக்கு நாங்கள் அனுப்பிய நான்கு பேருமே திரும்பிவிட்டார்கள். விசாரித்தால், கட்டடத்தின் கீழே பாதுகாவலரிடம் அடையாள அட்டையைக் கொடுத்துப் பெயரெழுத வேண்டும். அதைப் பார்த்ததும் பயந்து கிளம்பிவிட்டார்கள். அந்த வரியில் ‘கீழே அட்டை கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லவும்’ என்று சேர்த்தோம். அடுத்து அனுப்பியவர் மேலே போய்விட்டார்.

62 வரி இப்போது 29. மூன்று மாதம் சரிபார்க்காத வரி தானாக மஞ்சளாகும்படி வைத்திருக்கிறேன். ஆறு மாதம் தாண்டினால் சிவப்பு, சிவப்பு வரியிலிருந்து யாரையும் அனுப்பக் கூடாது என்பது விதி. போன ஞாயிறு பார்த்தபோது நான்கு மஞ்சள். இரண்டு என்னுடையவை. நாளை மதியம் கூப்பிட வேண்டும்.

கடலூர்த் தம்பி அன்றைக்கும் வந்திருந்தார். இழப்பீட்டுக் கோரிக்கையைப் பதிவு செய்துவிட்டார், கை மதிப்பீட்டுக்குத் தேதி வந்திருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. அட்டைப் பெட்டியைத் தானே திறந்து எண்ணிப் பத்து எடுத்துக்கொண்டு, “எங்க புளோர்ல கேக்குறாங்கக்கா” என்றார்.